இவகுன்றமும் என் அப்பத்தாவும்

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி ஒத்தக்கடையை நெருங்கும்போது ஜன்னல் ஓரத்தில் சின்னப் பிள்ளை யாராவது இருந்தால் "யானை, யானை" என்று கத்தாமல் இருக்காது. நானும் கத்தியிருக்கிறேன். அந்த மலைக்கு யானைமலை என்று பெயர் வைக்க யாருக்கும் யோசனை தேவைப்பட்டிருக்காது, முன்னங்காலை நீட்டி, தும்பிக்கையைத் தரையில் போட்டுப் படுத்திருக்கிற ஒரே கல் அது.

அப்பத்தா சொன்ன கதை வேறு. "அது சும்மா மலை இல்லய்யா. மருதையை அழிக்கணும்னு சமணருக யாகம் பண்ணி ஏவி விட்ட யானை. சொக்கநாதர் வேடன் மாதிரி வந்து அம்பு விட்டாரு, அப்படியே கல்லாப் போச்சு. பொறவு பாம்ப விட்டாக, அது நாகமலை. அப்புறம் பசுவ விட்டாக, அது பசுமலை. மூணும் நம்ம ஊரைச் சுத்திப் படுத்துக் கெடக்கு." சொல்லும்போது கையை நீட்டி ஒவ்வொரு திசையாகக் காட்டுவார். அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை, மேப் பார்த்ததில்லை, ஆனால் மதுரையின் வரைபடம் இந்தக் கதையாகத்தான் அவர் தலைக்குள் இருந்தது. எனக்கும் அப்படித்தான் ஏறியது. இன்றைக்கும் யாராவது நாகமலை எந்தப் பக்கம் என்று கேட்டால் முதலில் பாம்பு ஞாபகம் வரும், அப்புறம்தான் மேற்கு.

அப்பத்தா சொன்னது திருவிளையாடல் புராணக் கதை. யானை எய்த படலம், நாகம் எய்த படலம், மாயப்பசுவை வதைத்த படலம் என்று மூன்று படலம் இருக்கிறது. யானை மேல் விட்ட அம்புக்கு நாரசிங்கக் கணை என்று பெயர் சொல்லி, மலை அடிவாரத்தில் இருக்கும் நரசிங்கம் ஊரையும் அங்குள்ள நரசிங்கப் பெருமாளையும்கூடப் புராணம் கதைக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தப் பெருமாள் குடைவரையைக் குடைந்தது யார் என்பது கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி, ஆண்டு கி.பி. 770. வேலை முடியுமுன் அவன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தைக் கட்டி முடித்தான். அமைச்சன், அவன் தம்பி, தேதி எல்லாம் கல்லில் இருக்க, ஊர் ஞாபகம் வைத்திருப்பது அம்பைத்தான்.

காலேஜ் முடித்த வருஷம் சில நண்பர்களோடு யானைமலை மேலே ஏறினேன். மேலே ஒரு இயற்கைக் குகை, அதன் தரையில் ஆள் படுக்கிற அளவுக்கு வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள். குகையின் நெற்றியில், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் விலகி வழிந்தோட வெட்டிய காடி. பக்கத்தில் தமிழி எழுத்தில், அதாவது தமிழ் பிராமி என்கிற பழைய தமிழ் எழுத்தில், ஒரு கல்வெட்டு. வயது சுமார் 2000 ஆண்டு. அது "இவகுன்றத்து உறையுள்" என்று தொடங்குகிறது, இந்தக் குன்றத்தில் தங்கியிருந்தவர்களின் பெயர்கள் அதற்கப்புறம் வருகின்றன, ஏரி ஆரிதன், அத்துவாயி அரட்டகாயிபன் என்று. எனக்கு அந்த முதல் சொல்லைத் தாண்டி மனசு போகவில்லை. இவம், இபம் என்றால் யானை. இவகுன்றம் என்றால் யானைக்குன்றம். அப்படித்தான் கல்வெட்டு அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே யானைமலைன்னு கல்லுல எழுதி வச்சிருக்காங்க என்று. அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அதத்தானய்யா நானும் சொன்னேன்" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் சொன்னது சரியா? கதையாகப் பார்த்தால் இல்லை. புராணம் எழுதப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலே முன்பாகவே மலைக்கு யானைப் பெயர் வந்துவிட்டது. பெயரிலிருந்து கதை முளைத்திருக்கிறது. ஆனால் கதையில் ஒரு விவரம் அசைக்க முடியாதபடி சரியாக இருக்கிறது: சமணர். அந்தப் படுக்கைகள் சமண முனிவர்களுக்காக வெட்டியவை. அதே மலையில், பல நூறு ஆண்டு கழித்து, 9, 10ஆம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்கள், சமணர் வணங்கும் குருமார்களின் சிற்பங்கள், வரிசையாக இருக்கின்றன, கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் செய்வித்தவர் பெயர்களோடு. நடுவில் 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடும்போது "ஆனைமாமலை ஆதியாய இடங்களில்" என்று இந்த மலையைத்தான் முதலில் சொல்லிச் சமணர்களைத் திட்டுகிறார். கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் சமணம் அந்த மலையில் இருந்திருக்கிறது. அது போன பிறகு, முன்பு அங்கே யார் இருந்தார்கள் என்று எந்தப் பள்ளிக்கூடமும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை. கதை சொன்னது. கெட்டவர்களாகச் சொன்னது, சூனியக்காரர்களாகச் சொன்னது, ஆனாலும் இந்த மலை அவர்களுடையது என்பதை மட்டும் மறக்கவிடவில்லை.

இது எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஒரு சமயத்தார் ஆயிரம் வருஷம் படுத்து எழுந்து, பாடம் சொல்லி, மருந்து கொடுத்து வாழ்ந்த இடத்தில் அவர்களைப் பற்றி மிச்சமாக நின்றது அவர்களைத் தோற்கடித்தவர்கள் சொன்ன கதை. கோபம் வருகிறது. அதே சமயம் அந்தக் கதையும் இல்லாவிட்டால் அப்பத்தா வாயில் சமணர் என்ற சொல்லே வந்திருக்காதே என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மற்ற இரண்டு மலைகளையும் இதே கண்ணோடு பார்த்தேன். நாகமலைத் தொடரில் கொங்கர்புளியங்குளத்திலும் விக்கிரமங்கலத்திலும் கற்படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் இருக்கின்றன. பசுமலைக்கு அடுத்தாற்போல் திருப்பரங்குன்றம், அங்கேயும் மலைமேல் குகைப் படுக்கைகள், அங்குள்ள ஒரு கல்வெட்டில் எருக்காட்டூரில் வாழ்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனின் கொடை. ஈழம் என்ற பெயரும் எங்கள் மலையில் 2000 வருஷமாக இருக்கிறது என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பத்தா கை நீட்டிக் காட்டிய மூன்று திசையிலும் சமணத் தடம் கிடைக்கிறது. யானை பொய், அம்பு பொய், முகவரி மட்டும் நிஜம்.

மதுரையைச் சுற்றி இந்த மாதிரிப் பெயர்கள் நிறைய. சம்பந்தர் சமணரோடு வாதம் செய்து ஆற்றில் ஏடு விட்டார், அது வைகையை எதிர்த்துப் போய்க் கரை ஏறிய இடம் திருவேடகம் என்பார்கள், ஏடு ஏறிய அகம். தோற்ற எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றினார்கள், அவர்கள் ரத்தம் ஓடிய இடம் சாமநத்தம் என்றும் ஊர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கழுவேற்றம் நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சாமநத்தம் என்பதில் நத்தம் இருக்கிறது, குடியிருப்பு என்று நேராகவே பொருள், ரத்தத்துக்குப் போகவேண்டிய அவசியமில்லை. ஆனால் சனங்கள் காதில் ரத்தம் என்று விழுந்திருக்கிறது. அப்படி விழுந்ததே ஒரு செய்திதான் என்று நினைக்கிறேன்.

சரி, கீழக்குயில்குடிக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதத் தொடங்கியதே அந்த ஊருக்காகத்தான்.

சமணர்மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அங்கிருந்து ஒரு பக்கம் நடந்தால் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. குகை வாசலில் பெரிய அளவில் தீர்த்தங்கரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நீண்ட காது, உருண்ட முகம், நிறைந்த உடம்பு. ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், காது தொங்குகிறது, உடம்பு வசதியாக இருக்கிறது, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், செட்டியார் என்று வைத்துவிட்டார்கள். அப்படித்தான் குகைக்குப் பெயர் வந்தது என்பார்கள். முதல் முறை கேட்டபோது சிரித்தேன், பிறகு அது அன்பான பெயராகத் தோன்றியது. யார் என்று தெரியாத ஒருவரைத் தங்களுக்குத் தெரிந்த மனிதராக்கிக் கூட வைத்துக்கொண்டார்கள், உடைத்துப் போடவில்லை. குகைக்குள்ளே கூரையை ஒட்டி இன்னும் சில சிற்பங்கள், அதில் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து யானையை எதிர்க்கிற ஒரு இயக்கி, சமணப் பெண் தெய்வம். அங்குள்ள வட்டெழுத்தில் குறண்டி என்ற ஊர் வருகிறது, அந்தக் காலத்தில் பெரிய சமணப் பள்ளி இருந்த ஊர்.

அய்யனார் கோயில் பக்கமாகப் படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனை இருக்கிறது, அதற்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். பேச்சி எங்கள் பக்கத்துத் தாய்த்தெய்வம், பிள்ளை பெற்றவர்களும் பெறப்போகிறவர்களும் கும்பிடுகிற தெய்வம். அந்தப் பள்ளத்தில் இருக்கிற ஒரு சிற்பத்தின் கீழே, இது அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று வட்டெழுத்தில் எழுதியிருக்கிறது. அச்சணந்தி மதுரை மலைகள் பலவற்றில் சிற்பம் செய்வித்த சமண முனிவர். துறவியின் பெயர் ஊருக்குத் தெரியாது, அவரைப் பெற்றவள் பெயரும் தெரியாது. ஆனால் தாய்த்தெய்வத்தின் பெயரில் அந்தப் பள்ளம் இருக்கிறது. இதில் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், சாட்சி இல்லை. அங்கே நின்று குணமதியார் என்ற பெயரை வாய்விட்டுப் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது, அவ்வளவுதான்.

பஞ்சபாண்டவர் கதையும் இப்படித்தான். தமிழ்நாட்டில் எங்கே கற்படுக்கை இருந்தாலும் அதற்குப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று பெயர், வனவாசத்தில் அஞ்சு பேரும் படுத்த இடம். எங்கள் பக்கம் கீழவளவில் ஒரு மலைக்கே பஞ்சபாண்டவர் மலை என்றுதான் பெயர். கேரளத்து மறையூர் பக்கம் போனால் கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடிய பெருங்கற்காலச் சின்னங்களை முனியறை என்கிறார்கள். வேறு பக்கங்களில் அதே மாதிரிக் கல்லறைகள் பாண்டவர் வீடு ஆகின்றன, குள்ளர்கள் வாழ்ந்த வீடு ஆகின்றன. அந்தச் சின்ன இடத்துக்குள் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு, அந்தக் காலத்து மனுசங்க குள்ளம். இது கல்லறை என்பது மறந்துவிட்டது, மனிதர் செய்தது என்பதும் நம் காலத்துக்கு முந்தையது என்பதும் மறக்கவில்லை.

இதையெல்லாம்விட என்னை உலுக்கிய கதை மதமதக்கத் தாழி. முதுமக்கள் தாழியை, அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானையைத்தான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்படிச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் சனங்களுக்குச் சாவே வராதாம். வயதாக ஆகச் சுருங்கிச் சுருங்கிக் குழந்தை அளவுக்கு ஆகிவிடுவார்களாம். சுவரில் விளக்கு வைக்கிற மாடத்தில் எடுத்து உட்காரவைத்துச் சோறு ஊட்டுவார்களாம். ஒரு கட்டத்தில் இனி முடியாது என்றாகும்போது பெரிய தாழியில் உட்காரவைத்து, தண்ணியும் தானியமும் விளக்கும் கூட வைத்து, மூடி மண்ணுக்குள் இறக்கிவிடுவார்களாம்.

ஏதோ ஒரு காலத்தில் கிணறு வெட்டும்போதோ உழும்போதோ ஒரு தாழி உடைந்து உள்ளே எலும்பையும் குட்டிக் குட்டிக் கலயங்களையும் யாரோ பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய ஆள் இந்தப் பானைக்குள் எப்படி? அப்போ ஆள் சுருங்கியிருக்க வேண்டும். சோற்றுக் கலயம் எதுக்கு? அப்போ உயிரோடு வைத்திருக்க வேண்டும். கண்ணால் கண்டதை வைத்து ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடியிருக்கிறார்கள், அதுவும் எப்பேர்ப்பட்ட துக்கத்தோடு! இப்படித் தாழிகள் புதைந்து கிடந்த ஆதிச்சநல்லூரில் 1876ல் ஜெர்மனியிலிருந்து ஜாகோர் என்பவர் வந்து தோண்டினார், பிறகு அலெக்ஸாண்டர் ரீ வந்தார், 2004ல் மறுபடி தோண்டினார்கள். அந்த மேட்டைச் சனங்கள் பறம்பு என்றுதான் சொல்வார்கள், 114 ஏக்கர், விளைச்சல் நிலத்துக்கு நடுவே உழாமல் விட்ட இடம். புறநானூற்றில் 256ஆம் பாட்டில் ஒரு பெண், கணவனை இழந்தவள், குயவனிடம் தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய், எனக்கும் சேர்த்து என்று கேட்கிறாள். அந்தப் பாட்டைப் படித்தபோது எனக்கு மாடத்துக் கிழவிதான் நினைவுக்கு வந்தாள். இரண்டும் ஒரே பானையைப் பற்றியவை, ஒன்றைப் புலவர்கள் காப்பாற்றினார்கள், இன்னொன்றை வாசல் திண்ணைகள் காப்பாற்றின.

கீழடியை எல்லோருக்கும் தெரியும். 2015ல் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கிய தென்னந்தோப்பு மேட்டின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிச்சந்தை திடல். பள்ளிச்சந்தம் என்றால் சமண, பௌத்தப் பள்ளிகளுக்குக் கொடையாக விட்ட நிலம், கல்வெட்டுகளில் சாதாரணமாக வரும் சொல். சந்தம் என்ற சொல் வழக்கில் செத்துப்போனதும், காதுக்குத் தெரிந்த சந்தை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். சந்தையும் இல்லை, பள்ளியும் இல்லை, வெறும் தோப்பு, ஆனால் பெயர் மட்டும் விடாமல் நின்றது. திடல், மேடு, நத்தம் என்று முடிகிற பெயரைக் கேட்டாலே இப்போதெல்லாம் நான் அங்கே ஓட்டுச்சில்லு கிடக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பெயர் ஒலி ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் எதோடும் முடிச்சுப் போடுகிற பழக்கம் இணையத்தில் பெருகிவிட்டது, எங்கோ ஒரு கண்டத்தில் மதுரை மாதிரி ஒரு ஊர் இருந்தால் உடனே அது நம் ஊர். இது நாம் நேசிக்கிற விஷயத்துக்கே கெடுதல். யானைமலைக்குக் கல்வெட்டு இருக்கிறது, தேவாரம் இருக்கிறது, புராணம் இருக்கிறது, அப்பத்தாவும் இருந்தார். அந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் தொட்டுப் பார்க்கலாம்.

சங்கிலி அறுவதும் உண்டு. அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை அரிட்டநேமி என்ற சமணப் பெயரோடு சேர்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்குள்ள கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது, அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் இருக்கிறார். அந்தத் தீர்த்தங்கரரின் கீழே உள்ள வட்டெழுத்தில் மலையின் பெயர் திருப்பிணையன்மலை. இன்று ஊரில் வழங்குவது கழிஞ்சமலை. ஆயிரம் வருஷத்துக்குள் ஒரு பெயர் முழுக்கப் போய் இன்னொன்று வந்துவிட்டது, ஏன் என்று சொல்லக் கதைகூட இல்லை.

2022ல் அரசு அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. ஏலத்தில் அந்த இடத்தின் பெயர் நாயக்கர்பட்டி தொகுதி. 2000 ஹெக்டேருக்கு மேல், பல ஊர், மலை, கண்மாய், கோயில், கல்வெட்டு எல்லாம் அடங்கியது, காகிதத்தில் ஒரே ஒரு பெயர். அரிட்டாபட்டி என்ற சொல் தலைப்பில் இல்லை. சனங்கள் கூடிக் கூடிப் பேசி, போராடி, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தக் கூட்டங்களில் பேசியவர்கள் ஹெக்டேர் சொல்லவில்லை. ஒவ்வொரு மலையின் பெயரையும், ஒவ்வொரு சுனையின் பெயரையும், எந்தப் பாறையில் எந்தச் சாமி என்பதையும் சொன்னார்கள். அதை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பத்தா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவருக்குத் தெரிந்த பெயர்களில் நான் கேட்டு எழுதிவைத்தது ஒரு நோட்டில் நாலு பக்கம், கேட்காமல் விட்டது எவ்வளவோ.

மாங்குளம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிற கல்வெட்டுகள் இருக்கின்றன. 1882ல் ராபர்ட் சீவல் கண்டுபிடித்தது, 1924ல் கே.வி. சுப்ரமணிய அய்யர் அது தமிழ் என்று படித்துக் காட்டியது, 1965ல் ஐராவதம் மகாதேவன் அரசன் பெயரை அடையாளம் கண்டது. அதில் ஒன்று வெள்ளறை நிகமத்தார் கொடுத்த கொடையைச் சொல்கிறது, நிகமம் என்றால் வணிகர் குழு. வெள்ளறை என்பது பக்கத்தில் இருக்கிற இன்றைய வெள்ளரிப்பட்டி என்கிறார்கள். மேலூர் ரோட்டில் எத்தனை தடவை அந்த ஸ்டாப்பைக் கடந்து போயிருப்பேன், ஒரு நாளும் இறங்கியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இறங்கப் போகிறேன். டீக்கடையில் பெரியவர் யாராவது இருப்பார். கல்வெட்டைப் பற்றி எதுவும் கேட்கப் போவதில்லை. ஊர்க் கண்மாய்க்கு என்ன பெயர், மடைக்கு என்ன பெயர், ஊருக்கு வெளியே உழாமல் கிடக்கிற மேடு ஏதும் உண்டா, அதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு நோட்டில் அஞ்சாவது பக்கத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.